பேபி கேதீஸின் குரல்

கேதீஸ்வரி நடித்த முதல் படத்தில் நானும் இருக்கிறேன். கரையில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளில் இடமிருந்து மூன்றாவது தலை என்னுடையது. கமராவைப் பார்க்காதே என்று பத்துத் தடவை சொல்லியும் கமராவைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதனாலோ என்னவோ எனக்குச் சினிமா வாய்க்கவில்லை. எங்கள் ஊர்ப் பாடசாலையில் கிளாக்கர் வேலைதான் வாய்த்தது. வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவளுக்குச் சினிமா வாய்த்தது. வாய்த்து அவள் என்ன கண்டாள் என்று கேட்டால், சட்டென்று பதில் சொல்ல எனக்கு வராது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு அது. சண்டை நின்றிருந்த காலம். கொழும்பிலிருந்து ஒரு சிங்கள இயக்குநர் எங்கள் கிரான்குளத்து வாவிக்கரையில் படம் எடுக்க வந்தார். தோணி வலிக்கத் தெரிந்த சிறுமி ஒருத்தி வேண்டும் என்றார். அப்படி ஒருத்திதான் ஊரில் இருந்தாள், எங்கள் கேதி. ஒன்பது வயது, தாயில்லாப் பிள்ளை, வாவியில் வலை வீசும் அழகரத்தினத்தின் ஒரே மகள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தகப்பன் தோணியில் வைத்தே வளர்த்த பிள்ளை.

படத்தில் அவளுக்குப் பதினேழு வசனங்கள், எல்லாம் சிங்களம். அவளுக்கு அதில் ஒரு சொல் தெரியாது. தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு தோணியில் இருந்தபடியே பாடமாக்கினாள். அழகரத்தினம் வலையை இழுத்துக்கொண்டே ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்பார். அவள் பிழை விட்டால் அவரே எடுத்துக் கொடுப்பார். பத்து நாளில் பதினேழும் தகப்பனுக்கும் மகளுக்கும் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டன. பொருள் மட்டும் இருவருக்கும் தெரியாது.

அடுத்த வருடம் படம் மட்டக்களப்பு டவுனில் ஓடியது. ஊர் இரண்டு பஸ் பிடித்துப் போனது. திரையில் கேதி தோணியோடு வந்ததும் விசில் பறந்தது. அவள் வாயைத் திறந்தாள். வந்ததோ வேறு யாரோ ஒரு பிள்ளையின் குரல், கொழும்பிலே பிறந்து வளர்ந்த பிள்ளையின் சுத்தமான சிங்களம். சினிமா என்றால் அப்படித்தானாக்கும் என்று நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அழகரத்தினம் மட்டும் எழுந்து நின்றார்.

“நிப்பாட்டுங்க. இது என்ட புள்ள கதைக்கல்ல.”

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிலர் இருக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அவர் இருக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய், படம் முடியும் வரை பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றார். திரும்பி வரும்போது எல்லாரும் அவரைச் சீண்டினார்கள். படத்துக்குக் குரல் பிறகு சேர்ப்பார்கள், உன் மகளின் சிங்களம் அவர்களுக்குச் சரிவந்திருக்காது என்று விளக்கமும் சொன்னார்கள்.

“சிங்களம் எண்டாலும் பரவால்ல, சீனம் எண்டாலும் பரவால்ல,” என்றார் அழகரத்தினம். “அவட வாயால வரட்டுமே. நான்தானே பாடமாக்கிக் குடுத்த.” பிறகு மகளிடம், “உன்ட குரல் வாற படம் எண்டு ஒண்டு வந்தாச் சொல்லு மகள். அண்டைக்கு வந்து பாக்கிறன்” என்றார்.

அந்தப் படத்துக்குக் கேதிக்குச் சிறந்த குழந்தை நட்சத்திரம் என்று கொழும்பில் பரிசு கொடுத்தார்கள். பத்திரிகைகள் ‘பேபி கேதீஸ்’ என்று எழுதின. பாடசாலையில் அந்தப் பெயரைப் பட்டப்பெயராக மாற்றியது வேறு யாருமில்லை, நான்தான். “பேபி, பால் குடிச்சயா?” என்று கேட்டுக் கேட்டு அவளை அழவைத்திருக்கிறேன். பொறாமை என்பதைத் தவிர அதற்கு வேறு பெயரில்லை. அவள் மேலும் இரண்டு படங்களில் நடித்தாள். இரண்டிலும் குரல் வேறு பிள்ளைகளுடையது. அழகரத்தினம் இரண்டையும் பார்க்கவில்லை.

பிறகு கேதி வளர்ந்துவிட்டாள். பேபி வளர்ந்தால் சினிமாவுக்கு அவள் யாரோ. போதாக்குறைக்குச் சண்டையும் திரும்ப வந்தது. ஆறு வருடம் ஒருவரும் அவளைத் தேடவில்லை. சண்டை முடிந்து, பதினெட்டு வயதில், ஒரே ஒரு பையோடு கொழும்புக்குப் போனாள். போகாதே என்று அழகரத்தினம் சொல்லவில்லை. பையைச் சுமந்து வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் ஆரையம்பதியைத் தாண்டியிருக்கும் என்று தெரிந்த பிறகும் றோட்டில் நின்றார்.

கொழும்பில் அவளுக்கு வேலை கிடைத்தது. அதைக் குறைசொல்ல முடியாது. டெலிநாடகங்களில் ஒரு தமிழ்ப் பெண் தேவைப்பட்டால் கேதியைக் கூப்பிட்டார்கள். புருஷனைச் சண்டையில் இழந்தவள், பங்களாவில் தேத்தண்ணீர் கொண்டுவருகிறவள், காதலித்துக் கைவிடப்பட்டவள். எப்படியும் அழவேண்டும், எப்படியும் பெரிய பொட்டு வைக்கவேண்டும். “உதடு அசைஞ்சாப் போதும், குரலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பார்களாம். சரியான சிங்களம் அவள் கற்றுக்கொண்ட பிறகும், உச்சரிப்பில் ஏதோ இடறுகிறது என்று வேறு பெண்ணை வைத்தே குரல் சேர்த்தார்கள்.

ஒருமுறை இந்தியாவிலிருந்து தமிழ்ப் படக் குழு வந்தது. கதாநாயகியின் தோழியாக இருபது நாள் நடித்தாள். தமிழ்ப் படம், இதிலாவது நான் பேசுவேன் என்று எனக்குப் போன் பண்ணினாள். அவள் பேசும் தமிழ் அங்கே உள்ளவர்களுக்குப் புரியாது என்று சொல்லி, சென்னையில் ஒரு பெண் அவளுக்காகப் பேசினாள்.

“சிங்களத்துக்கும் நான் காணாது, தமிழுக்கும் நான் காணாது கா,” என்று போனில் சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் போனை வைக்காமல் இருந்தாள். உலையில் சோறு பொங்குது என்று பொய் சொல்லி நானே வைத்துவிட்டேன்.

கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு வீட்டை ஒட்டிக் கட்டிய அனெக்ஸில் தனியாக இருந்தாள். நான் ஒரே ஒரு தடவை போய்த் தங்கினேன். மத்தியானம் ஒரு சோற்றுப் பாசல் வாங்கி, பாதியைச் சாப்பிட்டு, மீதியை இரவுக்கு மூடி வைத்தாள். எனக்காக அன்று இரண்டு பாசல் வாங்கியபோது கடைக்காரர் வீட்டுக்கு ஆள் வந்திருக்கா என்று அதிசயமாகக் கேட்டார். தொலைக்காட்சியில் அவளுடைய பழைய நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. கேதி கட்டிலில் காலை மடக்கி இருந்துகொண்டு, திரையில் தன் முகம் பேசப் பேச, அந்த வசனங்களை அதே ஏற்ற இறக்கத்தோடு தானும் கூடவே முணுமுணுத்தாள். பழகிப்போச்சு என்றாள். அவளைக் கட்டுவதாகச் சொல்லி இரண்டு வருடம் பழகிய எடிட்டர் ஒருவன் கடைசியில் சொந்தத்தில் கட்டிக்கொண்டு போயிருந்தான். அதைச் சொல்லும்போதுகூட அவள் குரல் நாடகத்தில் வருகிற பெண்ணுடையது போலத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனோடு பேசுவாள். இரண்டு பேருமே போனில் நாலு வார்த்தைக்கு மேல் பேசத் தெரியாதவர்கள். “சாப்பிட்டயா மகள்?” “ஓம் அப்பா. மீன் பட்டதா?” “பட்டது.” அவ்வளவுதான். ஊர்த் தமிழ் அவள் வாயில் வந்தது கிழமைக்கு அந்த ஒரு நிமிடம்தான்.

போன வருடம் உதயரூபன் என்ற பொடியன் அவளைத் தேடிப் போனான். மட்டக்களப்பில், மட்டக்களப்பு ஆட்களை வைத்து, மட்டக்களப்புத் தமிழில் ஒரு படம் எடுக்கப் போவதாகச் சொன்னான். மீனவன் ஒருவனின் மனைவி கதாநாயகி. சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் தர முடியாது என்றான். கேதி சம்பளத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“நான்தான் கதைப்பன். வேற ஆள் கதைக்கக் கூடாது. ஓம் எண்டாச் சொல்லுங்க தம்பி,” என்றாள்.

“அக்கா, அதுக்காகத்தானே உங்களட்ட வந்த,” என்றான் அவன்.

அந்தப் பொடியன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதை நான் இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். ஏன் என்று பிறகு தெரியும்.

ஐம்பது நாள் ஊரில் நின்று நடித்தாள். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து தகப்பனுக்குச் சமைத்தாள். “இந்தப் படத்தில நானே கதைக்கிறன் அப்பா,” என்று அவள் சொன்ன நாளில், அழகரத்தினம் எழுந்து போய், கலியாணம் சாவுக்கு மட்டும் எடுக்கிற வெள்ளைச் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டார். படம் வர இன்னும் ஆறு மாதம் இருந்தது.

வாவிக்கரையில் காற்று அதிகம் என்பதால் எடுத்த ஒலி சரிவரவில்லை. குரலை மட்டும் திரும்பப் பதிவு செய்தார்கள். காத்தான்குடியில் ஷிஹான் என்ற பொடியன் கலியாண வீடியோ செய்கிற அறைதான் ஸ்டூடியோ. தகப்பனின் புடவைக்கடையில் விலைபோகாத துணிகளை நாலு சுவரிலும் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டிருந்தான். மின்விசிறியை நிறுத்த வேண்டும். பாங்கு சொன்னால் பொறுக்க வேண்டும். ஒரு பள்ளிவாசலில் முடிய அடுத்த பள்ளிவாசலில் தொடங்கும். வியர்க்க விறுவிறுக்கக் கேதி மைக்குக்கு முன்னால் நின்றாள். முப்பது வயதில் முதல் தடவையாக.

நான் அன்று கூடப் போயிருந்தேன். “எங்க கா போன இவ்வளவு நேரமும்?” என்று, தன் வீட்டுக்கு வந்த அயல் வீட்டுக்காரியிடம் கேட்கும் வசனம். ‘கா’ போட்டு, ஊர்ப் பெண்கள் நாங்கள் எல்லாரும் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுகிற சொல். கேதி சொன்னாள். சொல் எங்களுடையது. குரல் மென்மையாக, மூச்சு கலந்து, ஒவ்வோர் எழுத்தும் துடைத்து வைத்தது போல வந்தது. இத்தனை வருடமும் தன் முகத்துக்குக் குரல் கொடுத்த அத்தனை பெண்களும் அவள் தொண்டையில் வரிசையாக நின்றார்கள்.

“அக்கா, வீட்ட கதைக்கிற மாதிரிக் கதையுங்க,” என்றான் உதயரூபன்.

“அப்பிடித்தானே கதைச்ச,” என்றாள் கேதி. இன்னும் நாலு தடவை சொன்னாள். நாலு தடவையும் அதேதான் வந்தது. ஷிஹான் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, “வடிவா இரிக்கி அக்கா, படத்துக்கு ஏத்த குரல்,” என்றான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் சின்ன வயதில்கூடக் கண்டதில்லை. நல்லா இரிக்கி என்று நானும் சொன்னேன். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருவேளை திருத்தியிருக்கலாம். நான் சொல்லவில்லை, அந்தப் பழி என்னுடையது.

படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் டவுனில் ஒரு மண்டபத்தில் போட்டார்கள். அழகரத்தினம் வெள்ளைச் சட்டையோடு முன்னாலிருந்து இரண்டாவது வரிசையில் இருந்தார். ஒரு பக்கம் கேதி, மறுபக்கம் நான். திரையில் கேதி வந்து முதல் வசனம் பேசியபோது அவர் காதைச் சற்று முன்னுக்குக் கொடுத்தார். இரண்டாவது வசனத்துக்கும் அப்படித்தான். அதன் பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டு, மடியில் கையைக் கோத்து வைத்து, கடைசி வரை அசையாமல் பார்த்தார். கேதி படத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு மணித்தியாலமும் தகப்பனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் சனம் எழுந்து கைதட்டியது. உதயரூபனைச் சூழ்ந்துகொண்டார்கள். நாங்கள் மூவரும் வெளியே வந்தோம். அழகரத்தினம் மகளின் தலையில் கை வைத்தார்.

“நல்லா நடிச்சிரிக்காய் மகள். நான் அழுதிட்டன்.”

கேதி காத்திருந்தாள். அவர் மண்டபத்து வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உன்னட்ட ஒண்டு சொல்லிப்போட்டு, மறுகா வேற பொம்புளையப் பேச வச்சிரிக்கானுகள். உன்ட குரல் எனக்குத் தெரியாதா? நீ கவலப்படாத மகள்.”

நான் வாயைத் திறந்தேன். கேதி என் கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது.

“ஓம் அப்பா,” என்றாள். “என்னை ஏமாத்திப்போட்டாங்க.”