பவுடர் போட்ட நோயாளி

எனக்கு இப்போது ஒரு சிறுநீரகம்தான் இருக்கிறது. இன்னொன்று என்னவாயிற்று என்று கேட்பவர்களிடம், "பவுடருக்குப் போச்சு" என்பேன். சிரிப்பார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்வதில்லை.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கணவருக்குக் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. அவருடையது ஊரப்பாக்கம் பக்கத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பம். நிலத்தை மனை போட்டு விற்றதும் பயிர் போயிற்று, கௌரவம் மட்டும் போகவில்லை. அதற்கு என் மாமியார் காவல் இருந்தார்.

வலது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக, எனக்கு ஒரு வலி வர ஆரம்பித்தது. வந்தால் மூச்சை இழுத்து விட முடியாது. சாயங்காலமானால் குளிரெடுத்து உடம்பு தூக்கிப் போடும், காய்ச்சல் ஏறும். விடிவதற்குள் வேர்த்துக் கொட்டி, காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். டாக்டரிடம் போகலாம் என்று கணவர் சொன்ன அன்று, கலைந்த தலையோடு செருப்பை மாட்டினேன்.

"இன்னாம்மா, இப்பிடியேவா போவ? நாலு பேர் வர்ற எடம். மூஞ்சி கழுவிக்கினு, வேற பொடவ கட்டிக்கினு வா. சீக்காளி மாரி போய் நிப்பியா?" என்றார் மாமியார்.

சீக்காளி டாக்டரிடம் வேறு எப்படிப் போய் நிற்பாள் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை. முகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டு வைத்துக்கொண்டேன். கஞ்சி போட்டுத் தேய்த்த புடவைக்கு, ஒரு கையால் விலாவைப் பிடித்தபடி கொசுவம் வைத்தேன். தலையில் ஒரு முழம் மல்லியை அவரே வைத்துவிட்டார். இந்த வழக்கத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை. என் அம்மா வீட்டிலும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் ஒரே அலங்காரம்தான், நகை மட்டும் கொஞ்சம் குறையும்.

கிளினிக் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் நோயாளி மாதிரி இருந்தார்கள். நான் வளைகாப்புக்கு வந்தவள் மாதிரி இருந்தேன். கம்பவுண்டர் வந்து எங்களைப் பார்த்துவிட்டு, மாமியாரிடம் கேட்டார். "இன்னாம்மா, உடம்புக்கு இன்னா பண்ணுது?"

"எனக்கில்லப்பா. இவளுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்த நேரத்தில் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, "ஐயோ அம்மா" என்று தெருவையே கூட்டிக்கொண்டு லுங்கி கட்டிய ஒருவர் வந்தார். அவரை நேராக உள்ளே அனுப்பினார்கள். திரும்பி வரும்போது அவர் யார் துணையும் இல்லாமல் நடந்து வந்தார், கால் விரலில் ஒரு சின்னக் கட்டு. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நான் பூ வாடாமல் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே போனதும் டாக்டர் என்னைப் பார்த்தார். "பாத்தா நல்லாத்தானே இருக்கீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் பக்கம் திரும்பிவிட்டார்.

"வீட்ல ஏதாவது டென்ஷனா சார்?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்."

"கேஸ் டிரபிள்தான். வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க."

சொல்லுங்களாம்! அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வலிக்கிற இடத்தை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எழுந்திருக்கும்போது மாமியார், "எனக்கும் இந்த முட்டி கொஞ்சம்" என்று ஆரம்பித்தார். கூடவருகிறவருக்கு அலங்காரம் எதற்கு என்று வீட்டுப் புடவையிலேயே வந்திருந்தார் அவர். டாக்டர் அந்த முட்டியை அமுக்கி, மடக்கி, நீட்டி, எப்போதிலிருந்து வலி என்று ஆதரவாகக் கேட்டார். அன்று வீட்டுக்கு வந்த மாத்திரையில் பாதி முட்டிக்கு.

அதற்குப் பிறகு பல தடவை போனோம். காய்ச்சல் வருவது சாயங்காலம், கணவருக்குப் பர்மிஷன் கிடைப்பது காலையில். தெர்மாமீட்டரும் அவர்கள் கட்சியில் சேர்ந்துகொண்டது. கேஸ் மாத்திரை போய் சத்து ஊசி வந்தது, சத்து ஊசி போய் "நரம்புத் தளர்ச்சி" வந்தது. ஒவ்வொரு தடவையும் பவுடர், பொட்டு, பூ. ஒருநாள் பவுடர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "மானத்த வாங்காத" என்றார் மாமியார். கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "போட்டுக்கிட்டாத்தான் என்ன?" என்றார்.

"டாக்டரே ஒண்ணும் இல்லன்ட்டாரு. வூட்டு வேலைக்கு மட்டும் இவளுக்கு வலி வந்துடுது" என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னது சுவரைத் தாண்டிக் கேட்டது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அந்த நாட்களில் அவர்கள் எல்லோரையும் நான் வெறுத்தேன். சில சமயம் எனக்கே சந்தேகம் வந்தது. கண்ணாடியில் பார்த்தால் நான் நன்றாகத்தான் இருந்தேன்.

ஒரு மத்தியானம் இன்ஸ்டிடியூட்டில் ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தபோது குளிர் தூக்கிப் போட்டது. மெஷின் மேலேயே சாய்ந்து, புடவையெல்லாம் வாந்தி எடுத்தேன். இன்ஸ்டிடியூட் நடத்திய அக்கா என்னை ஆட்டோவில் அள்ளிப் போட்டு, ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தலை விரிந்து கிடந்தது. கன்னத்தில் ரிப்பன் மை. என்னை யாரும் பெஞ்சில் உட்காரச் சொல்லவில்லை, வாசலுக்கே ஸ்ட்ரெச்சர் வந்தது. ஒரு பெண் டாக்டர் முதுகில் கை வைத்து அமுக்கியதும் அலறினேன். அவர் எதுவும் கேட்காமல் ஸ்கேனுக்கு அனுப்பினார்.

கம்பெனியிலிருந்து ஓடிவந்த கணவரிடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "கல்லு அடைச்சு கிட்னி முழுக்கச் சீழ் பிடிச்சிருக்கு. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா கல்லை மட்டும் எடுத்திருக்கலாம். இனிமே கிட்னியையே எடுக்கணும். இவ்ளோ நாள் வீட்ல வச்சுக்கிட்டு என்ன பண்ணீங்க?"

நான்தான் பதில் சொன்னேன். "வந்தோமே. பவுடர் போட்டுக்கிட்டு வந்தோமே."

"ஜுரத்துல ஒளறுது பாவம்" என்றார் நர்ஸ்.

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தபின் மாமியார் பார்க்க வந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கூடையிலிருந்து சீப்பு, பவுடர் டப்பா, வாழையிலையில் மடித்த பூ எல்லாவற்றையும் எடுத்தார்.

"பெரிய டாக்டர் வர்ற நேரம். இப்பிடியா தலய விரிச்சிப் போட்டுக்கினு படுத்துகினு கீற?" என்று தலை வாரினார். ஈரத்துணியால் முகம் துடைத்துப் பவுடர் போட்டு, பொட்டும் வைத்தார். தடுக்க என்னால் கையைத் தூக்க முடியவில்லை. பெரிய டாக்டர் வார்டுக்குள் வந்து, படுக்கை படுக்கையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பக்கத்துப் படுக்கையில் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்து, "பரவால்லையே, பளிச்சுனு இருக்காங்களே" என்று சொல்லிவிட்டு, என்னைத் தாண்டி நடந்தார்.

எங்கிருந்துதான் அந்தத் தெம்பு வந்ததோ. பூவைப் பிய்த்துப் போட்டேன். புறங்கையால் முகத்தைத் தேய்த்து, பொட்டைக் கன்னம் வரை இழுத்தேன். "ஐயோ அம்மா" என்று கத்தினேன். லுங்கிக்காரர் கத்திய அதே கத்தல். வார்டே திரும்பியது. மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். டாக்டர் திரும்பி வந்து என் மேல் குனிந்தார்.

"எங்கம்மா வலிக்குது?" என்று என்னிடமே கேட்டார்.

அத்தனை மாதங்களில் இந்தக் கேள்வியை ஒரு டாக்டர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. ஊசி போட்டிருந்ததால் அப்போது எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை. ஆனாலும், அவர்கள் வெட்டி எடுத்துவிட்ட இடத்தைக் காட்டி, "இங்க" என்றேன்.