சலாம் சொன்ன சுவர்

புகாராவில் சுவர் பூசிப் பிழைத்த ஓய்னிசாவுக்கு ஓரெழுத்தும் வாசிக்கத் தெரியாது. அதனாலேயே ஊர் அவளை நம்பியது. பழைய அரபு எழுத்துப் புத்தகம் வைத்திருந்தால் பத்து வருஷம் சிறை என்று அரசு அறிவித்த வாரம், மாவு மூட்டையிலும் தலையணையிலும் மறைத்து ஆட்கள் கொண்டுவந்த புத்தகங்களைச் சுவருக்குள் வைத்து, வைக்கோல் குழைத்த மண்ணால் பூசிக் கொடுத்தாள். அப்பா விட்டுப்போன புத்தகத்தைத் தன் வீட்டுச் சுவரிலேயே வைத்தாள்.

ஆறு மாதத்தில் சுவர்கள் தங்களுக்குள் இருந்த புத்தகங்களைப் பேச ஆரம்பித்தன. வீட்டுக்கு வீடு சத்தத்தை அமுக்கக் கம்பளம் மாட்டினார்கள். அழகுக்காக என்று அதிகாரிகள் நினைத்துக்கொண்டார்கள். ஓய்னிசாவின் சுவர் எட்டு வருஷமாக முலாம்பழம் பற்றியே பேசியது. அதற்கு ஒரே குறை: விருந்தாளி வந்தால் வாயை மூடத் தெரியாது.

நவ்ரோஸ் புத்தாண்டுக்கு முந்தைய வாரம், துவைத்த கம்பளம் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தபோது, கையில் சுத்தியலோடு சோதனை அதிகாரி ஹக்பெர்தி உள்ளே வந்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும், வாங்க வாங்க!" என்றது சுவர்.

"வ அலைக்கும் ஸலாம்" என்று நெஞ்சில் கைவைத்துக் குனிந்துவிட்டான். சலாமுக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவனை யாரும் வளர்க்கவில்லை. நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

 ஓய்னிசா கேட்டாள்: "தடைப் புத்தகத்தோட பேசினா எத்தனை வருஷம், தம்பி?"

"ஒரு பேச்சுக்கு ஏழு."

"எனக்குப் பத்து. நீங்க எனக்கு முன்னாடி வெளிய வந்துடுவீங்க. ஜெயிலுக்கு ரொட்டி கொண்டாங்க."

"அப்பா சுகமா?" சுவர் விசாரித்தது.

"ஆண்டவன் புண்ணியத்துல நல்லா..."

"பதினாலு" என்றாள்.

"அக்கா, அதை வாயை மூடச் சொல்லுங்க!"

"எட்டு வருஷமா சொல்றேன். கேட்டாத்தானே?"

"வீட்டுல முலாம்பழம் எப்படி?" என்றது சுவர்.

"எல்லாம் அழுகிப்போச்சு" என்றான் ஹக்பெர்தி, நிஜமான வருத்தத்தோடு.

"இருபத்தொண்ணு."

அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். தேநீர் வந்தது. பழத்தை ஒன்றோடொன்று உரசாமல் நாணல் உறியில் தொங்கவிடுவது எப்படி என்று சுவர் சொல்லி முடிக்கும்வரை, வாயைப் பொத்திக்கொண்டு கேட்டான். பிறகு அறிக்கை எழுதினான்: 'சுவரில் ஈரம். கம்பளம் மாட்ட உத்தரவிடப்பட்டது.' கம்பளத்தின் ஒரு முனையை அவனே பிடித்து மாட்டினான்.

வாசலைத் தாண்டும்போது கம்பளத்துக்குப் பின்னாலிருந்து அமுங்கிய குரல் கேட்டது. "போயிட்டு வாங்க."

ஹக்பெர்தி உதட்டைக் கடித்தான். இரண்டடி நடந்தான். தாங்காமல் திரும்பினான்.

"வர்றேங்க."

"இருபத்தெட்டு" என்றாள் ஓய்னிசா, கதவைச் சாத்திக்கொண்டே.