லாக்கப்புக்குக் கட்டிய பை

அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் நான் முதலில் நம்பினேன். சந்தேகப்பட்டேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். இல்லை, முழு மனதோடு நம்பினேன். எண்பதைத் தாண்டிய, சுவரைப் பிடித்து நடக்கிற மனிதர் தப்பி ஓடிவிடக்கூடாதே என்று ஒரு படையே வந்திருக்கும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

காரணம் இருந்தது. முதல் நாள் மாலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்பா ஒரு குரல் பதிவு போட்டிருந்தார். “வெள்ளக்காரன் கொடி எறங்கினப்ப திடல்ல நின்னு கை தட்டினவன் நான். எதுக்குத் தட்டுறோம்னு தெரியாமலே தட்டினேன். அன்னையிலேர்ந்து ஓட்டுக் கேட்டு வந்தவன் எல்லாம் நம்ம வீட்டுத் தேத்தண்ணியக் குடிச்சான். லிப்டு கெட்டப்ப ஒருத்தனையும் காணோம்.” அங்கிருந்து தொடங்கி, அரசாங்கத்தை மேலிருந்து கீழ்வரை உரித்திருந்தார். நான் அதற்குக் கீழே சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டேன்.

மறுநாள் காலை ஜெலுத்தோங் பசாரில் மீன் வாங்கிக்கொண்டு பிளாட்டுக்குத் திரும்பினால் வீடு பூட்டிக் கிடந்தது. உள்ளே மேசைமேல் அப்பாவின் கைப்பேசி. கொக்கியில் தொங்கும் வெள்ளைச் சட்டையைக் காணோம். ஓட்டுப் போடும் நாளில் மட்டும் அவர் அணிகிற சட்டை அது. கோர்ட்டுக்குத்தான் போட்டுக்கொண்டு போயிருக்கிறார் என்று என் மூளை தீர்ப்பே எழுதிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன்.

“ரெண்டு ஆம்பளைங்க வந்தாங்க தம்பி. நல்லா தாட்டியா இருந்தாங்க. ஆளுக்கு ஒரு கையப் பிடிச்சுக் காடியில ஏத்தி ஓட்டிட்டுப் போயிட்டாங்க.”

“அப்பா ஒண்ணும் சொல்லலையா?”

“‘அவன்கிட்ட சொல்லாதம்மா, பயந்துடுவான்’னாரு. நீ பயப்படல இல்ல?”

“இல்லக்கா,” என்றேன். மீன் பையை அவர் வாசலிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் வந்து நான் செய்த முதல் காரியம், குழுவில் போட்ட சிரிக்கும் முகத்தை எடுத்தது. பெற்ற அப்பாவைக் காப்பாற்றுவது அதற்குப் பிறகுதான். ஒரு பையில் அவர் இரவில் கட்டும் சாரோங், துண்டு, பல்துலக்கி, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் அடுக்கினேன். மாத்திரையைத் தொட்டபோதுதான் விளையாட்டெல்லாம் வடிந்தது. ஒரு வேளை தவறினாலும் அவருக்குத் தலை சுற்றும். இதை அங்கே யாரிடம் சொல்வார்?

போலீஸ் நிலையத்தில் இளம் மலாய்க்காரர் ஒருவர் இருந்தார். வயதானவர் யாரையாவது கொண்டுவந்தீர்களா என்று கேட்டேன். என்ன செய்தார் என்று அவர் திருப்பிக் கேட்டார். அங்கேதான் வாயை மூடியிருக்க வேண்டும். நானோ குரல் பதிவை மலாயில் மொழிபெயர்த்து, ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “என் அப்பாவும் தினம் இதையேதான் சொல்கிறார் அங்கிள். அவரை எங்கே கொண்டுபோய் விடுவது?” என்றார்.

அப்போது என் கைப்பேசி அடித்தது. கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் இருக்கும் சித்தப்பா. சில தேர்தல்களுக்கு முன்பு, எந்தக் கட்சி என்ற சண்டையில் அப்பாவோடு பேச்சை நிறுத்தியவர். ஒரே குழுவில் இருந்துகொண்டே ஒருவருக்கொருவர் வணக்கம்கூடப் போடமாட்டார்கள்.

“ஒங்கப்பன் இங்கதான்டா இருக்காரு. பசங்களக் காடி எடுத்துட்டுப் போய்த் தூக்கிட்டு வரச் சொன்னேன். குழுவுல பொய் சொன்னா விட்டுருவனா? கொடி எறங்கினப்ப இவரு காய்ச்சல்ல படுத்திருந்தாரு. திடல்ல நின்னு கை தட்டினது நான். வீட்டுக்கு வந்து இவருகிட்ட சொன்னதும் நான்.”

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. “காய்ச்சல் ஒனக்குடா.”

“நீங்க சும்மா இருங்கண்ணே.”

எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. போலீஸ்காரரே நகர்த்திக் கொடுத்தார்.

“வெள்ளைச் சட்டை எதுக்கு சித்தப்பா?” என்றேன்.

“தம்பி வீட்டுக்கு வரேன்னு போட்டாராம். சண்டைக்குப் போறார்னு நீ பயப்படுவேன்னுதான் ஒங்கிட்ட சொல்லாம வந்தாராம்,” என்றார் சித்தப்பா. “ராத்திரி இங்கயே இருக்கட்டும்லா. சாரோங்கும் மாத்திரையும் எடுத்துட்டு வந்துரு.”

பை தயாராகத்தான் இருந்தது. பெர்ரி ஏறி, கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா மாத்திரை போட்டுக்கொண்டார். கொடி இறங்கியதைப் பார்த்தது யார் என்பது அன்று முடிவாகவில்லை.