டொன்சில் எடுத்த அன்று

ஆஸ்பத்திரியை விட்டுக் கீரிக் கடற்கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். எச்சிலை விழுங்க முடியவில்லை. துப்பிய இடத்தில் மணல் சிவந்தது.

அன்று காலைதான் இரண்டு டொன்சிலையும் எடுத்திருந்தார்கள். மாரி மழை தொடங்கினால் தொண்டை வீங்கிக் காய்ச்சலில் விழுவேன், வேலையும் போய்விடும். இலுப்பைக்கடவையிலும் உயிலங்குளத்திலும் அப்படித்தான் போனது.

வெட்டுமுன் டாக்டர் கருவியைக் காட்டினார். நீண்ட பிடி, நுனியில் வளையம், அதற்குள் வழுக்கி வரும் கத்தி.

"முதல்ல உள்நாக்கு வெட்டத்தான் இப்பிடியொண்டு செய்தவை, தம்பி. பிறகு டொன்சிலுக்கு மாத்தினது. இப்ப கன இடத்தில மெல்ல, ஆறுதலா அறுத்தெடுத்து ரத்தக்குழாயை முடிச்சுப் போடுகினம். எனக்கு இதுதான் கைப்பழக்கம்."

மூக்கில் மருந்துத் துணியை வைத்ததுதான் தெரியும். விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த வளையக் கத்தியைச் சில நாடுகளில் இன்னும் பிள்ளைகளுக்குப் பாவிக்கிறார்கள், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்று வெகுகாலம் கழித்து வேறொரு டாக்டர் சொன்னார்.

பின்னேரம் ஒவ்வொரு கட்டிலுக்கும் வீட்டு ஆள் பார்க்க வந்தது. தாதி என்னிடம் கேட்டாள்.

"உமக்கு ஆர் துணைக்கு நிக்கினம்?"

கையை விரித்தேன்.

"ஐஸ் சூப்பினாத்தான் ரத்தம் நிக்கும். வீட்டு ஆக்கள்தானே வாங்கி வரவேணும்."

அவள் அடுத்த கட்டிலுக்குப் போனதும் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியேறினேன். ஐஸ் இருக்கும் இடம் எனக்குத் தெரியும்.

கீரிக் கரையில் மீன் வாங்கும் முதலாளி ஒருவரின் வாடிக் கொட்டில் இருந்தது. ஐஸ் பெட்டியைக் காட்டி, தொண்டையைத் தொட்டு, கையை நீட்டினேன்.

"கள்ளுக் கூடிப்போச்சுப் போல," என்றான் பெட்டி அடுக்கியவன். "அது மீனுக்கு, மச்சான். நீ செத்தாப் பிறகு வா, வைக்கிறம்."

வாயைத் திறந்து காட்டினேன். அவன் சிரிப்பு நின்றது.

"தொண்டைப் புண்ணுக்கு ஐஸோ?" என்று முதலாளியின் மனைவி எழுந்து வந்தார். "சளி கட்டிப்போடும். இந்தா ராசா, மல்லித்தண்ணி. சுடச்சுடக் குடி."

கூடாது என்று தெரியும். ஆனால் அன்று முழுக்க ஒருவரும் எனக்கென்று எதையும் நீட்டவில்லை. வாங்கிக் குடித்தேன்.

மூன்றாம் மிடறில் ரத்தம் கொட்டியது. குவளை சிவந்தது.

"ஐயோ, அவன் கேட்டதைக் குடு," என்று முதலாளியே ஓடி ஐஸை உடைத்தார். அதில் ஒட்டியிருந்த மரத்தூளைக் கழுவி ஒரு துண்டை என் வாயில் வைத்தார். மீன் வாடை அடித்தது. கரையக் கரைய அடுத்த துண்டு. இருட்டும்போது எச்சில் வெள்ளையாக வந்தது. சாக்கு ஒன்றை விரித்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். கடல் சத்தத்தில் தனியே கிடந்தேன்.

விடிய ஐஸ் லொறி வந்தது. முதலாளி ஐஸ் உடைக்கும் மரக்கட்டையை என்னிடம் நீட்டினார்.

"உடைப்பியோ? கதைக்காமல் வேலை செய்யிற ஆள் எனக்கு இன்னும் கிடைக்கேல்லை."

தலையை ஆட்டிவிட்டு, முதல் பாளத்தைச் சாக்கில் சுற்றி உடைக்கத் தொடங்கினேன்.