தள்ளாமல் விட்ட மூன்று மணிகள்

இதை எழுதலாமா கூடாதா என்று பல வருஷம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், வெட்கம் வந்து மூடிவைப்பேன். இன்று அம்மனைக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் கெலமங்கலம் பக்கம் ராகிக்காட்டை ஒட்டிக் குடியிருந்தோம். நாலாவது பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து ஆகாயத்தைப் பார்ப்பதுபோல எல்லாம் எங்கோ தூரத்தில் தெரிந்தது. பிழைத்தேன். "இன்னொண்ணு உண்டானா உசுருக்கு நான் பொறுப்பில்ல" என்று என்னிடம் தனியாகச் சொன்னாள் மருத்துவச்சி.

பிறகு மைசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நர்சம்மா வந்து, கரு உண்டாகாமலிருக்கப் பெண்களுக்கு ஆளுக்கொரு மணிமாலை கொடுத்தார். தீட்டான முதல் நாளிலிருந்து தினம் ஒரு மணி தள்ள வேண்டும். பச்சை மணி நாளில் புருஷனோடு சேரலாம், சிவப்பில் கூடாது.

"இத எங்க வூட்டுக்காரரு கழுத்துல போட்டுவுடுங்க நர்சம்மா. அவருக்குத்தான் பச்சையும் தெரியாது, செவப்பும் தெரியாது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

உயிரைக் காக்க வந்த மாலை ஆயிற்றே, சாமி மாடத்தில் மாட்டினேன். என் வீட்டுக்காரர் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார். சிவப்பு நாளில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வேன். காலையில் விளக்கொளியில் மணி நகரும்; வெளியே கதிர்களின்மேல் பனி நகரும். யாரோ என்னை மடியில் வைத்திருப்பதுபோல இருக்கும்.

அரை வருஷம் ஆகவில்லை, உண்டாகிவிட்டேன்.

"மொதல் நாளே தள்ளுனீங்களா?" என்று கேட்டார் நர்சம்மா.

"அதெப்படிங்க? மூணு நாளும் வெளியில உக்காந்திருப்பேன். சாமி மாடத்தத் தொடலாமா? நாலாம் நாள் தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான் தள்ளுவேன்."

"அய்யோ தாயி! மாலை மூணு நாள் பிந்திப்போச்சே! ஆபத்தான நாளுக்கு உங்க மாலை பச்சையில்ல காட்டியிருக்கும்! வூட்டுக்காரரத் தள்ளச் சொல்றதுதானே?"

"அவருகிட்டயா? இதையா?"

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மருத்துவச்சி சொன்னதையும் சொன்னேன். மாடத்திலிருந்து மாலையை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார்.

"செத்துப் போயிருந்தா அப்பறமாச்சும் எங்கிட்ட சொல்லியிருப்பியா, புள்ள?"

பெண் பிறந்தாள். பத்து நாள் நினைவு வருவதும் போவதுமாகக் கிடந்தேன். அம்மன் விட்டுவைத்தாள். அதன்பின் நான் வெளியே உட்காரும் நாட்களில் அவரே மணி தள்ளினார். சிவப்பு நாளில் தானாகவே பாயை வாசலுக்கு எடுத்துப் போவார். மறுபடி நான் உண்டாகவில்லை. மாலையா, அம்மனா, அவரா, எனக்குத் தெரியாது.

இதைப் படித்தவர்கள் உங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லுங்கள், ஆண்களுக்கும் சொல்லுங்கள். கூச்சப்பட்டு ஒரு சொல்லையும் விழுங்க வேண்டாம், என்னை நல்லவளாக்கவும் வேண்டாம். நடந்தது நடந்தபடியே போகட்டும்.