செனட்டர் ஹால்பிரிட்ஜின் தமிழ்

சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில் தம்பித்துரையின் வீட்டுக்குள் நுழைகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது, சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் தொங்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் படம். "உங்கட மாமனாரோ?" என்று பகிடி விட்டவர்கள் உண்டு.

"அமெரிக்க செனட்டர் ஹால்பிரிட்ஜ். எங்களுக்காக வாய் திறந்த ஒரே பெரிய மனிசன்" என்பார் தம்பித்துரை.

பகலில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவி, பின்னேரத்தில் சூரிச்சில் வீடியோக் கடை நடத்தியவர் அவர். பங்காளி சிறீதரன். ஆங்கிலம் தெரிந்தவன், செய்தித் துண்டுகளில் ஆங்கிலத்தை அழித்துவிட்டுத் தன் தமிழ்க் குரலை ஏற்றுவான். இரண்டாயிரத்து ஒன்பதில் வன்னியில் குண்டு விழ, சனம் பேர்ணில் பாராளுமன்றத்துக்கு முன்னால் நனைந்துகொண்டு நின்றபோது, அவன் ஒரு வீடியோத் துண்டைக் கொண்டுவந்தான். செனட்டில் கிழவர் எழுந்து மேசையில் அடிக்கிறார். "அந்தப் பிள்ளைகளின் சாவுக்கு நாங்களும் பொறுப்பு" என்கிறது சிறீதரனின் குரல்.

தம்பித்துரை அதைப் பிரதியெடுத்துச் சனத்துக்குச் சும்மா கொடுத்தார். வன்னியில் தம்பியைப் பறிகொடுத்த மனைவி ஜெயமலர், அதைப் பார்த்த அன்றுதான் சோற்றில் கை வைத்தாள். பிறகு ஒவ்வொரு வருஷமும் தம்பியின் திவசத்தில், படையலுக்குப் பின் அதைப் போட்டுப் பார்ப்பது வீட்டு வழக்கமாயிற்று.

போன ஞாயிறு, ஓய்வுபெறும் செனட்டரைப் பற்றித் தொலைக்காட்சியில் ஒரு ஆங்கில நிகழ்ச்சி. தம்பித்துரை சிறீதரனையும் கூப்பிட்டார். வர ஏலாது என்று இரண்டு தரம் சாட்டுச் சொல்லிவிட்டுத்தான் அவன் வந்தான். மகள் சரணியா தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் தேர்தல், தோற்ற தேர்தல், நரைத்துக்கொண்டே போகும் தலை.

"படங்களிலயும் நடிச்சவராம் அப்பா. பலதரம் செனட்டராத்தான்!" என்று சிரித்தாள்.

ஒரு படத்தில் நீதிபதி. ஒரு பகிடித் தொடரில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர். அடுத்து, அந்த மேசை. அந்தக் கை.

"இதுதான்! சத்தத்தைக் கூட்டு, பிள்ளை!" தம்பித்துரை எழும்பிவிட்டார்.

அந்தக் காட்சியில் கிழவரின் சொந்தக் குரலை அந்த வீடு அன்றுதான் கேட்டது. சரணியாவின் சிரிப்பு நின்றது.

"அப்பா... இது நாடகம். பால் விலையைப் பற்றிக் கதைக்கிறார்."

தம்பித்துரை திரும்பினார். சிறீதரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அண்ணை. குரல் குடுக்கேக்கையே தெரியும். சனம் மழைக்குள்ளை நிண்டது. ஆரும் ஒருத்தன் எங்களுக்காகக் கதைச்சிருக்க வேணும் போலை கிடந்தது."

"சனத்தை விடு. ஒரே கடையிலை இருந்த எனக்கேன்ரா சொல்லேல்லை?"

"நீங்கள் நம்பினபடியாத்தான் அண்ணை சனம் நம்பினது."

கோபப்படுவதற்கு அந்தக் கிழவர்கூட இல்லை. அவர் பாட்டுக்கு நடித்துவிட்டுப் போயிருக்கிறார். இவனோ வருஷா வருஷம் இதே சோபாவில், அழுகிற ஜெயமலருக்குப் பக்கத்தில் இருந்து, படைத்த வடையைத் தின்றவன்.

ஜெயமலர் தேத்தண்ணியோடு குசினியிலிருந்து வந்தாள். "என்னப்பா, எங்கட ஆக்களைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

தம்பித்துரை சுவரிலிருந்த செனட்டர் படத்தைக் கழற்றிச் சிறீதரனின் மடியில் வைத்தார்.

"அவருக்குக் குரல் குடுத்தவன் நீ. மலருக்கும் நீயே சொல்லு."