கல்யாண வீடியோவின் கறுப்புக் கரை

என் அண்ணனிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் செய்துவிடுவான். கூடவே யாரும் கேட்காத இன்னொன்றையும் செய்வான். அந்த இன்னொன்றுதான் என் வயிற்றெரிச்சல். பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன் என்பதால், எந்தத் திரையில் எது ஓடினாலும் அதற்குத் தானே அதிகாரி என்று அவனுக்கு நினைப்பு.

என் கல்யாண வீடியோ பென்டிரைவில் ஏழு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஆல்பத்தைப் பார்த்ததோடு சரி. ஆல்பத்தில் அம்மா இல்லை. அப்பா போன பிறகு நடந்த கல்யாணம்; அம்மா மேடை ஏறக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அண்ணனும் அண்ணியும்தான் தாரை வார்த்தார்கள், அம்மா ஒதுங்கித் தூணோரம் நின்றாள். போன மாதம் ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்ததும் அவள் முதலில் கேட்டது இந்த வீடியோவைத்தான்.

"வீடியோக்காரர் என் பக்கமும் திருப்பினாரும்மா, நான் பாத்தேன். அதுல நான் இருக்கேன். போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். மேளச் சத்தம் மட்டும் வந்தது, திரை இருட்டு. பழைய வகை ஃபைல், போனுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டுமாம். அண்ணன் சும்மா இருப்பானா? "நான் மாத்தித் தரேன்" என்று பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

இரண்டு நாளில் படம் வந்தது, போன் திரை முழுக்கப் பளிச்சென்று. அம்மா போனை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்து பார்த்தாள். தாலி கட்டும் இடம் வந்ததும் போனை முகத்தருகே கொண்டுபோனாள். விரலால் படத்தை ஒரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துத் திரையின் ஓரத்தில் எட்டிப் பார்த்தாள்.

"தூணாண்ட நின்னுக்கினு இருந்தேனே, எங்கம்மா நான்?"

எனக்குத் தலைக்கேறியது. நேராக அண்ணன் வீட்டுக்குப் போய், அம்மாவை எங்கே காணோம் என்று கேட்டேன். அவன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

"அப்படியே மாத்தினா மேலயும் கீழயும் கறுப்பா பட்டை வருது. கல்யாண வீடியோவுக்கு யாராவது கறுப்புக் கரை வைப்பாங்களா? அதான் படத்தைப் பெருசாக்கி ரெண்டு பக்கமும் வெட்டிட்டேன். தூணும் சேரும்தானே போச்சு."

தூணும் சேருமாம்! முகூர்த்தச் சேலையில் கறுப்பு ஆகாது என்று எனக்கும் தெரியும். போன் என்ன சேலையா? பெற்றவள் நிற்பது தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு நீ என்னத்தை டிசைன் போடுகிறாய் என்று கத்தினேன். அண்ணி நீட்டிய காபியைத் தொடவில்லை. பென்டிரைவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இலவச ஆப் ஒன்றை லேப்டாப்பில் இறக்கி நானே உட்கார்ந்தேன். முதல் தடவை ஆட்களெல்லாம் ஒட்டடைக்குச்சியாக நீண்டார்கள். அடுத்த தடவை ஐயர் வாயை மூடிய பிறகு மந்திரம் கேட்டது. மூன்றாவதில் எல்லாம் சரியாக வந்தது, கறுப்புப் பட்டை உட்பட. முழுக்கப் பார்க்கப் பொறுமை இல்லை. அண்ணன் மூஞ்சியில் கரி பூசிய சந்தோஷத்தோடு அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா இருந்தாள். வெளிர்ப் பச்சைச் சேலையில், தூணைப் பிடித்தபடி. "இதோ, இதோ" என்று குழந்தை மாதிரி சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. கெட்டிமேளம் தொடங்கியது. படத்தில் அம்மா தூணை விட்டு இரண்டடி முன்னே வந்தாள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு கையைத் தாழ்த்தி, அங்கேயே நில் என்று விரல்களை ஆட்டினேன். அம்மா பின்னால் போனாள்.

சத்தியமாக எனக்கு அது நினைவில்லை. அம்மா திடுக்கிடவில்லை. அவளுக்கு நினைவிருந்தது.

"இதுவும் படத்துல விழுந்திருக்கும்னு நான் நெனைக்கல" என்று போனை என்னிடமே நீட்டினாள். "உங்கண்ணன் குடுத்ததையே போட்டுடும்மா. அதுல நீ யாரையோ பாக்கற, அவ்ளோதான்."

என்னுடையதை அழித்துவிட்டு அண்ணனுடையதை ஏற்றிக் கொடுத்தேன்.